கோட்டைக்குள் ஓடிய மானும் ‘இன்ரு’ என்ற சொல்லும்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் திருகோணமலை மாணவி ஒருவர், ஆங்கிலத்தில் ‘இன்’ (in), ‘இன்ரு’ (into) இரண்டில் எதை எழுதினாலும் புள்ளி குறைகிறதே, இதற்கு விதியே கிடையாதா என்று கேட்டிருந்தார். விதி உண்டு, ஆனால் அது ரியூட்டரிகளில் மனப்பாடத்துக்குக் கொடுக்கப்படும் பட்டியல்களில் இல்லை.

எந்த அசைவிலும் நகர்ந்த விதம், நகர்ந்த வழி என இரு செய்திகள் உண்டு. இவற்றுள் வழியை எங்கே வைக்கின்றன என்பதைக் கொண்டு மொழிகளை வகைப்படுத்தலாம் என்று அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி காட்டினார். தமிழும் ஸ்பானியமும் யப்பானியமும் நுழை, வெளியேறு, கட என்பவற்றைப் போல வழியை வினைக்குள்ளேயே வைக்கின்றன; விதம் ‘நீந்திக் கடந்தான்’ என எச்சமாக முன்னே வருகிறது. ஆங்கிலத்தில் வினை பெரும்பாலும் விதத்தையே சொல்ல, வழியைச் சொல்லும் பொறுப்பு ‘இன்’, ‘இன்ரு’ போன்ற முன்னிடைச்சொல்லின் தலையில் விழுகிறது.

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையில் திரியும் புள்ளிமான்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘மான் கோட்டைக்குள் ஓடியது’ என்று மட்டும் சொன்னால், அது உள்ளேயே ஓடித் திரிந்ததா, வீதியிலிருந்து வாயிலைத் தாண்டி உள்ளே போனதா என்பது தெளிவாகாது. தாண்டியதை ஐயமறச் சொல்ல ‘ஓடி நுழைந்தது’ என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்கிறோம். ஆங்கிலமோ ‘ரான்’ (ran) என்ற வினையைத் தொடுவதே இல்லை. ‘ரான் இன்’ என்றால் மான் கோட்டைக்குள்ளேயே ஓடுகிறது, ‘ரான் இன்ரு’ என்றால் வாயிலைத் தாண்டிவிட்டது என்று, ஓர் எல்லை கடக்கப்பட்ட முழுச் செய்தியையும் அந்தக் குட்டிச் சொல் ஒன்றே சுமந்துவிடுகிறது. வைத்தல், விழுதல், குதித்தல் போன்ற வினைகளிலேயே இடமாற்றம் அடங்கியிருப்பதால், அவற்றோடு வெறும் ‘இன்’ வந்தாலும் பேச்சில் பொருள் கெடாது.

மற்றவையும் இப்படித்தான். நிலாவெளிக் கரையோரமாக நடப்பவர் எதையும் தாண்டுவதில்லை, அவருக்கு ‘அலோங்’ (along). கிண்ணியாப் பாலத்தில் அக்கரைக்கு நடப்பவருக்கு ‘எக்ரொஸ்’ (across). மூதூருக்குப் போய்ச் சேர்ந்த படகுக்கு ‘ரு’ (to). மூதூரை நோக்கிப் புறப்பட்டுப் பாதியில் திரும்பியதற்கு ‘ருவார்ட்ஸ்’ (towards) மட்டுமே பொருந்தும்.

ஆங்கிலக் கற்பித்தலுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கையேனும், நம் பிள்ளைகள் அசைவை எவ்வாறு விவரிக்கிறார்கள் என்ற ஆய்வுக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. நம்மவர் பலர் எழுதும் ‘என்ரர் இன்ரு த ரூம்’ (enter into the room) என்ற பிழையையே பாருங்கள். ‘என்ரர்’ என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சும் தமிழைப் போல வழியை வினைக்குள் வைக்கும் மொழி. நுழைதல் அந்த வினைக்குள்ளேயே இருப்பதால் அறையின் முன் ‘இன்ரு’வுக்கு வேலையில்லை, உடன்படிக்கை செய்துகொள்வது போன்ற, கால் நகராத நுழைவுகளுக்கே அது தேவைப்படுகிறது.