அட்டையில் படித்த வார்த்தை அடுப்படிக்கு வர வேண்டும்

இரண்டரை வயதுக் குழந்தை. அம்மா பட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட, "ஆப்பிள், பால், கேட், டாக்" என்று தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போகிறது. எண்பது அட்டைக்கும் பேர் தெரியும். அதே குழந்தைக்குத் தாகம் எடுத்தால், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தண்ணீர்க் குடத்தின் முன்னால் நிறுத்துகிறது. "தண்ணி" என்று வாய் திறந்து கேட்பதில்லை. "இவ்வளவு வார்த்தை தெரியுதே, அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிறான்?" என்பது பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோரிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி.

காரணம் இதுதான்: படத்தைக் காட்டியதும் பேர் சொல்வது ஒரு திறமை, பேசுவது வேறொரு திறமை. கேட்பது, வேண்டாம் என்பது, கூப்பிடுவது, "அங்க பாரு" என்று காட்டுவது, இவற்றுக்காகத்தான் குழந்தைக்கு வார்த்தை தேவைப்படுகிறது. அட்டையோடு மட்டும் பழகிய வார்த்தை இந்த வேலைகளுக்குத் தானாக வந்துவிடாது. இதில் அட்டையின் மேல் குற்றம் இல்லை. முறையாகப் பயன்படுத்தினால் அதைவிட மலிவான, நல்ல கருவி வீட்டில் கிடைக்காது. முறை எங்கே தவறுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் வயதைப் பார்ப்போம். ஒன்பது மாதக் குழந்தையிடம் படத்தைக் காட்டினால் அதைத் தட்டும், தேய்க்கும், படத்தில் இருப்பதைப் பிடித்துத் தூக்கப் பார்க்கும். பத்தொன்பது மாதம் ஆகும்போது அதெல்லாம் குறைந்து, படத்தைச் சுட்டிக் காட்டத் தொடங்கும். ஜூடி டெலோச்சும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 1998-ல் இதை வெளியிட்டார்கள். படம் என்பது ஒரு பொருளைக் குறிக்கும் அடையாளம் என்ற புரிதல் அந்த இடைவெளியில்தான் மெல்ல உருவாகிறது. எனவே ஆறு மாதக் குழந்தையின் முன்னால் அட்டைகளை விசிறிக் காட்டுவதில் பயன் இல்லை. அந்த வயதில் முகமும் குரலும் கையில் பிடிக்கும் பொருளும் போதும்.

2004-ல் மெலிசா பிரெய்ஸ்லரும் சூசன் கேரியும் செய்த ஆய்வு இன்னும் நேரடியாக நம் விஷயத்தைத் தொடுகிறது. முட்டை அடிக்கும் கருவியின் படத்தை மட்டும் காட்டி, அதன் பேரை 18, 24 மாதக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு படத்தையும் உண்மையான கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். குழந்தைகள் கருவியை எடுத்தார்கள், அல்லது இரண்டையும் சேர்த்துக் காட்டினார்கள். படத்தை மட்டும் எடுக்கவில்லை. பேர் பொருளுக்கு உரியது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. பேச்சு வளர்ச்சி மிகவும் பின்தங்கிய ஆட்டிசக் குழந்தைகளிடம் பிரெய்ஸ்லர் பின்னர் இதையே செய்தபோது, பலர் படத்தை மட்டுமே எடுத்தார்கள். அவர்களுக்கு அந்தப் பேர் அந்தக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் குழந்தைக்கு அட்டைப் பயிற்சி அதிகம் கொடுக்கிறோமோ, அந்தக் குழந்தைக்குத்தான் வார்த்தை அட்டையிலேயே தங்கிவிடும் ஆபத்தும் அதிகம். இதை வீட்டில் இருப்பவர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பொருள்தான் முன்னால் வரும். கையில் உண்மையான கரண்டி. அடுத்து, கரண்டியைக் கரண்டியின் புகைப்படத்தின் மேல் வைக்கும் விளையாட்டு. அது சரளமாக வந்த பிறகு புகைப்படம் மட்டும். வரைந்த படமும் கார்ட்டூனும் கடைசியில்.

கடையில் வாங்கும் அட்டைக் கட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டவை. ஐ-க்கு இக்லூ, எக்ஸ்-க்கு சைலஃபோன், ஒய்-க்கு யாக். நம் வீட்டுக் குழந்தை இந்த மூன்றையும் எப்போது நேரில் பார்க்கப்போகிறது? அது தினமும் சுவரைக் காட்டிக் காட்டி வியக்கும் பல்லி அந்தக் கட்டில் இருக்காது. காக்கா இருக்காது, எறும்பு இருக்காது, தோசை இருக்காது. ஆகவே முதல் கட்டை நீங்களே செய்வதுதான் நல்லது.

செய்வது சுலபம். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வெளிர் நிறப் போர்வையை விரித்து, பொருளை வைத்து, ஃபிளாஷ் போடாமல் ஃபோனில் எடுங்கள். ஒரு படத்தில் ஒரே பொருள், அது படத்தின் முக்கால் பங்கை அடைக்க வேண்டும். டம்ளரைப் படம் எடுக்கும்போது பின்னால் சொம்பும் தட்டும் தெரிந்தால், குழந்தை எதற்கு டம்ளர் என்று பேர் வைத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாது. ஒரு ஏ-4 தாளில் நான்கு படம் வரும்படி அமைத்து, கலர் ஜெராக்ஸ் கடையில் இரண்டிரண்டு பிரதி எடுங்கள். ஜோடி சேர்க்கும் விளையாட்டுக்கு இரண்டாவது பிரதி வேண்டும். லேமினேஷன் செய்தால் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள், அந்தக் கூர்முனை கன்னத்தையும் கண்ணையும் கீறும். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் பட்டால் குழந்தைக்குத் தெரிவது வெள்ளைப் பட்டைதான், படம் இல்லை. பளபளக்காத மேட் லேமினேஷன் கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் கூடவே கூடாது. முன்பக்கம் எழுத்து எதுவும் வேண்டாம்.

பன்னிரண்டு அட்டை போதும். எட்டு, குழந்தை தினமும் தொடும் பொருளும் ஆட்களும்: பால், பந்து, பூ, தோசை, மாமா, பாட்டி, நாய், செருப்பு. மீதி நான்கு, செயல்: குளிக்கிறது, தூங்குறது, சாப்புடுறது, ஓடுறது. இதற்கு உங்கள் குழந்தையையே படம் எடுங்கள். பேரை வீட்டில் புழங்கும் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள். வீடு முழுக்க "தண்ணி" என்று இருக்கும்போது அட்டைக்கு மட்டும் "நீர்" என்றால், குழந்தைக்கு அது இன்னொரு வார்த்தை. முதல் கட்டில் ப, ம, த, ந, வ ஓசைகளில் தொடங்கும் சொற்கள் அதிகம் இருந்தால் நல்லது, அவை உதட்டிலும் நாக்கு நுனியிலும் சீக்கிரம் வருபவை. ழகரமும் றகரமும் தாமதமாகத்தான் வரும். "பயம்" என்று குழந்தை வாழைப்பழத்தைக் காட்டினால் திருத்த வேண்டாம். "ஆமா, பழம்! மஞ்சப் பழம்!" என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுப் பழத்தைக் கையில் கொடுங்கள்.

இனி ஐந்து நிமிடப் பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்போம்.

டிவியை நிறுத்திவிட்டு, பாயில் குழந்தைக்கு எதிரே, உங்கள் முகம் அதன் கண் மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். மூன்று அட்டை மட்டும் கையில் இருக்கட்டும். ஒரு பையில் பந்து, பூ, ஒரு துண்டு தோசை. பந்து அட்டையை உங்கள் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள், படமும் உதட்டசைவும் ஒரே பார்வையில் குழந்தைக்குப் படட்டும். "பந்து" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இந்த மௌனம்தான் கஷ்டம், இரண்டு நொடியில் மறுபடி "பந்து, பந்து, சொல்லு பந்து" என்று ஆரம்பித்துவிடுவோம். குழந்தைக்குக் கேட்டதை உள்ளே வாங்கி, வாயைத் தயார் செய்ய அந்தப் பத்து நொடி தேவை. குழந்தை பார்க்கலாம், கை நீட்டலாம், "ப்பா" என்று மட்டும் சொல்லலாம். எல்லாமே பதில்தான். உடனே "பந்து! பந்து உருளுது!" என்று உண்மையான பந்தை உருட்டிவிடுங்கள். முடிந்த அட்டையைக் குழந்தையே ஒரு செருப்புப் பெட்டியில் வெட்டிய பிளவுக்குள் போடட்டும், உண்டியலில் காசு போடுவது மாதிரி. ஓரிடத்தில் உட்காராத குழந்தையும் இந்த உண்டியலுக்காக உட்காரும். மூன்று அட்டை, ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு தடவை. குழந்தைக்குச் சலிப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். அது எழுந்து ஓடிய பிறகு இழுத்து உட்கார வைத்தால், அடுத்த நாள் அட்டையைப் பார்த்ததுமே ஓடும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் "இது என்ன?" என்ற கேள்வி. அட்டைக்கு அட்டை இதையே கேட்டால் விளையாட்டு பரீட்சையாகிவிடுகிறது. தெரியாத குழந்தை வாயை மூடிக்கொள்ளும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ள குழந்தை "இது என்ன நாய்" என்பதையே நாயின் முழுப்பேராக எடுத்துக்கொள்ளும். தெருவில் நாயைப் பார்த்ததும் "இது என்ன நாய்!" என்று கத்தும் குழந்தைகள் நிறைய உண்டு. ஒரு கேள்விக்கு நான்கு செய்தி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "அட, நாய் வருது. நாய் வால் ஆட்டுது. லொள் லொள்! பெரிய நாய்." கேட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு அட்டையைக் காட்டித் தேர்வு கொடுங்கள்: "தோசையா, இட்லியா?"

இந்தத் தேர்வை டிபன் நேரத்தில், அடுப்படி வாசலில் கேட்பதுதான் முழுப் பயிற்சியிலும் முக்கியமான கட்டம். குழந்தை தோசை அட்டையைத் தொட்டால், "தோச! தோச வேணும்!" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே அடுத்த நொடி தோசை தட்டில் விழ வேண்டும். தவறி இட்லியைத் தொட்டுவிட்டு முகம் சுளித்தாலும் ஒரு வாய் இட்லியைத்தான் கொடுங்கள், பிறகு மறுபடி இரண்டையும் காட்டுங்கள். தான் தொட்டது தனக்குக் கிடைக்கும் என்பது அப்படித்தான் பதியும். பேச்சே வராத குழந்தைகளுக்கு இதே வழியை முறைப்படுத்தியதுதான் பெக்ஸ், அதாவது படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் முறை. ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-ல் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கியது. அதன் முதல் கட்டத்தில் பெரியவர்கள் இருவர் வேண்டும். எதிரே இருப்பவர் பொருளை வைத்திருப்பார், பின்னால் இருப்பவர் குழந்தையின் கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்க வைப்பார். "என்ன வேணும், சொல்லு" என்று யாரும் கேட்கக் கூடாது, குழந்தையே முதலில் தொடங்கப் பழக வேண்டும் என்பதற்காக. "அட்டை கொடுத்துப் பழகினால் பேச்சு வராமலே போயிடுமே" என்ற பயம் வேண்டாம். இத்தகைய முறைகள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

ஐம்பது வார்த்தைக்குப் பக்கத்தில் வரும்போது அட்டைகளை ஜோடி சேர்க்கத் தொடங்கலாம். நாய், பூனை, பாப்பா மூன்றும் தூங்குவது, ஓடுவது, சாப்பிடுவது என ஒன்பது படம். அதில் மூன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள்: "நாய் தூங்குது", "பூன ஓடுது", "பாப்பா சாப்புடுது". பிறகு, சொல்லிக்கொடுக்காத "பூன தூங்குது" படத்தை எடுத்து நீட்டிவிட்டுக் காத்திருங்கள். குழந்தை தானே சொல்லிவிட்டால், வாக்கியம் கட்டும் சூத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வரிசையில் அப்பாவையும் அம்மாவையும் முதலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. தமிழில் ஆளுக்கேற்ப வினை மாறும்: அப்பா "தூங்குறாங்க", நாய் "தூங்குது". ஒரே நேரத்தில் இரண்டு புதுமை வேண்டாம். அப்பா அம்மாவுக்கு வேறு வழி இருக்கிறது. வாசலில் கிடக்கும் செருப்புகளைத் தனித்தனியாகப் படம் எடுத்து "அப்பா செருப்பு", "அம்மா செருப்பு", "பாப்பா செருப்பு" என்று விளையாடலாம். பேச்சுத் தமிழில் உருபு எதுவும் சேர்க்காமலே உடைமை புரிந்துவிடுவதால் இது சீக்கிரம் வரும்.

தெரியும் என்று நாம் நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. தினமும் ஒரே வரிசையில் காட்டினால் குழந்தை படத்தைப் பார்க்காமல் பாட்டு மாதிரி வரிசையை ஒப்பிக்கும், அதனால் கலைத்துப் போடுங்கள். சரியான அட்டை எப்போதும் வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கத்தையே எடுக்கும். "பூ எங்கே?" என்று கேட்டுவிட்டு உங்கள் கண் பூவின் மேல் போனால், குழந்தை கண்ணைப் படித்துவிடும். மூலை கிழிந்த அட்டைதான் நாய் என்று அடையாளம் வைத்துக்கொண்ட குழந்தையும் இருக்கும். ஆகவே ஒரே பொருளுக்கு மூன்று வெவ்வேறு படம் சேருங்கள்: கறுப்பு நாய், செவலை நாய், படுத்திருக்கும் நாய்.

பள்ளிச் சேர்க்கையை நினைத்து, தமிழ் பேசும் வீட்டில் அட்டைக்கு மட்டும் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்வது குழந்தைக்கு உதவாது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆனால் பாட்டியும் அத்தையும் நாள் முழுக்கப் புழங்கும் மொழியில்தான் ஒரு வார்த்தை நூறு தடவை காதில் விழும். அட்டைகளை ஃபோனில் வீடியோவாக ஓடவிடுவதும் இதற்கு மாற்று இல்லை. ஃபோன் பத்து நொடி காத்திருக்காது, "ப்பா" என்றால் பந்தை உருட்டாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது.

அட்டையால் தீராத சிக்கல்களும் இருக்கின்றன. பன்னிரண்டு மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலும், கை காட்டாமலும், டாட்டா காட்டாமலும் இருந்தால். பதினெட்டு மாதத்தில் அர்த்தமுள்ள ஒரு வார்த்தைகூட இல்லை என்றால். இரண்டு வயதில் "பால் தா" போல இரண்டு வார்த்தை சேரவில்லை என்றால். எந்த வயதிலும், பேசிய வார்த்தைகள் நின்றுபோனால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை. கதவு சத்தத்துக்குத் திரும்புகிறது என்பதால் காது முழுதாகக் கேட்கிறது என்று சொல்லிவிட முடியாது. காதின் நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், அதாவது வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டு உதவும் மையங்கள், இயங்குகின்றன. பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அங்கே போகலாம், கட்டணம் இல்லை.

போகும்போது ஒரு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அதில் அட்டை பார்த்துச் சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டாம். அட்டை இல்லாமல், தானாக, எந்த இடத்தில், யாரிடம், எதற்காகச் சொன்னது என்று தேதி போட்டு எழுதுங்கள்: "காலை, மாடிப்படி, தாத்தாவிடம், 'காக்கா' என்று காட்டியது." மூன்று இடத்தில், மூன்று பேரிடம் வந்த வார்த்தையின் அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது அட்டை ஒன்றைச் சேருங்கள்.