சொல் விளக்கம்: அடையாளம் தெரியாத கருவி

“உங்கள் வீட்டு வைஃபையில் மர்மச் சாதனம் இருக்கிறதா? உடனே அகற்றுங்கள்!” காணொளித் தலைப்பு, நாளிதழின் தொழில்நுட்பப் பகுதி, வாட்ஸ்அப் குறுஞ்செய்தி என்று எங்கு திரும்பினாலும் இந்த வாசகம்தான். இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் உள்ளன. ‘மர்ம’ என்ற அடை ஒன்று, ‘அகற்றுங்கள்’ என்ற வினை இன்னொன்று. முதலாவது, வீட்டில் இருப்பவர்களைக் காரணமில்லாமல் அச்சுறுத்துகிறது. இரண்டாவது, செய்து முடிக்காத வேலையை முடித்துவிட்டதாக நம்பவைக்கிறது.

‘மர்மச் சாதனம்’ என்பதன் ஆங்கில மூலம் ‘அன்னோன் டிவைஸ்’ (unknown device). டிவைஸ் என்ற சொல், பிரித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பிரித்து வகுத்தல், திட்டமிடல், திட்டமிட்டு ஆக்கிய பொருள் என்று அதன் பொருள் நகர்ந்தது. ‘அன்னோன்’ என்பதற்குத் தெரியாதது என்பதற்குமேல் பொருளில்லை. கணினியில் நம்மில் பலர் இத்தொடரை முதலில் பார்த்தது, விண்டோஸின் கருவிப் பட்டியலில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடுதான். புதிதாகச் செருகிய ஒன்றுக்கு உரிய இயக்கி மென்பொருள் கிடைக்காவிட்டால் கணினி அப்படிக் காட்டும். அதைப் பார்த்துத் திருடன் புகுந்துவிட்டான் என்று எவரும் அலறியதில்லை. இன்னதென்று கணினிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுத் திசைவி (ரவுட்டர்) காட்டும் பட்டியலிலும் இதற்கு அதே பொருள்தான். ஒரு கருவி வைஃபையில் சேரும்போது அதன் மேக் முகவரி திசைவிக்குத் தெரிந்துவிடுகிறது. கருவியை இனங்காட்டும், 12 பதினறும இலக்கங்கள் (0 முதல் 9 வரை, A முதல் F வரை) கொண்ட எண் அது. வலையில் தகவல் வந்துசேர உதவும் ஐபி முகவரியைப் பெரும்பாலும் திசைவியே வழங்குகிறது. அதைக் கேட்கும்போது கருவி தன் பெயரையும் சொல்லலாம், ஆனால் கட்டாயமில்லை. மடிக்கணினியும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் சொல்லும். வைஃபையில் இயங்கும் விளக்கும் மின்செருகியும் பல நேரம் சொல்வதில்லை, சொன்னாலும் நமக்கு விளங்காத எழுத்துக்கோவையாக இருக்கும். பெயர் கிடைக்காதபோது பல திசைவிகள் மேக் முகவரியின் முதல் 6 இலக்கங்களை வைத்துத் தயாரிப்பாளரைத் தேடும். அந்த இலக்கங்களை நிறுவனங்களுக்கு ஒதுக்குவது ஐஇஇஇ (IEEE) என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு. அதிலும் விடை கிடைக்காவிட்டால் ‘அன்னோன்’ என்று எழுதிவிடும். ஆக இந்தச் சொல் திசைவியின் அறியாமையைக் குறிக்கிறது. கருவியின் குணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இப்போது ‘மர்மம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வடமொழியில் மர்மம் என்பது உடம்பில் அடிபட்டால் உயிருக்கே கேடு வரும் இடம். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் பேசும் கருத்தும் இதுவே. அப்படிப்பட்ட இடத்தை மறைத்துக் காக்க வேண்டும் என்பதால், மறைபொருள், இரகசியம் என்ற பொருள்கள் பின்னால் ஏறின. தமிழ் இதழியலின் கையில் சிக்கிய பிறகு அச்சொல்லுக்குக் குற்றவாடை வந்துவிட்டது. பூட்டை உடைத்துக் கைவரிசை காட்டியவர்கள் ‘மர்ம நபர்கள்’. சங்கிலியைப் பறித்துக்கொண்டு இருசக்கர வாகனத்தில் தப்பியவர் ‘மர்ம ஆசாமி’. ரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்பே ஒரு கிராமமே ‘மர்மக் காய்ச்சலில்’ படுத்துவிடுகிறது. ஆய்வகம் இன்னும் பெயர் சொல்லவில்லை என்பதை, பெயரே சொல்ல முடியாத நோய் என்று மாற்றிவிடும் வேலை இது. நிருபர் பழக்கத்தில் எழுதுகிறார், வாசகரும் பழக்கத்தில் கடந்து போகிறார். ஆனால் அதே அடைமொழியைத் தன் வீட்டுக் கூடத்தில் உள்ள பொருளுக்குச் சூட்டினால் அவரால் கடந்து போக முடியாது.

என் சித்தி கடந்து போகவில்லை. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திசைவியின் செயலியைத் திறந்திருக்கிறார். தெரிந்த கைபேசிகளுக்கு நடுவே ‘எஸ்பிரெசிஃப்’ என்று ஒரு வரி இருந்தது. தேடிப் பார்த்ததில் ஷாங்காய் நிறுவனம் என்று தெரிந்தது. “சீனாவிலிருந்து யாரோ உள்ளே வந்துவிட்டான், தம்பி” என்று எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே அந்த வரியைத் தடுத்துவிட்டார். மறுநாள் காலை மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கைபேசியில் மோட்டாரைப் போட்டால் மோட்டார் அசையவில்லை. மின்பணியாளர் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளே இருந்த ஸ்மார்ட் சுவிட்சின் முதுகில் ஒட்டியிருந்த தாளில், சித்தி தடுத்த அதே 12 இலக்கங்கள் அச்சாகியிருந்தன. எஸ்பிரெசிஃப் என்பது சில்லு செய்யும் நிறுவனம். எத்தனையோ வணிகப் பெயர்களில் விற்கும் விளக்குகள், செருகிகள், சுவிட்சுகளுக்குள் இருப்பது அதன் சில்லுதான். அதனால் பெட்டியின் மேல் படித்த பெயர் ஒன்றாகவும் பட்டியலில் காணும் பெயர் வேறாகவும் இருக்கும். இதைச் சொல்லித் தர வேண்டிய இடத்தில்தான் அந்தக் காணொளிக்காரர் ‘மர்மம்’ என்றார்.

மர்மத்தை விட்டவர்கள் பிடித்துக்கொள்வது ‘அந்நியச் சாதனம்’. இது அதைவிடவும் மோசம். அந்நியம் என்றால் நமக்கு உரியதல்லாதது. அந்நியத் துணி எரிப்பு, அந்நிய ஆட்சி என்று விடுதலைப் போராட்டக் காலத்திலிருந்து வரும் சொல் அது. கருவி யாருடையது என்று கண்டுபிடிப்பதற்காகத்தானே பட்டியலைத் திறக்கிறோம்? சொல்லே தீர்ப்பை எழுதிவிட்டால் விசாரணை எதற்கு? ‘அறியாச் சாதனம்’ என்று சுருக்கியவர்களும் உண்டு. அறியாப் பிள்ளை என்றால் ஒன்றும் அறியாத பிள்ளை. அந்த வழக்குப்படி அறியாச் சாதனம் என்பது எதையும் அறியாத சாதனமாகிவிடும். ‘அறியப்படாத சாதனம்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘படு’ போட்டு எழுதினால்தான் நல்ல உரைநடை என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ‘இனந்தெரியாத’ நல்ல தமிழ், பொருளும் கச்சிதம். எனினும் இலங்கைத் தமிழ் வாசகருக்கு ‘இனந்தெரியாத நபர்கள்’ என்றவுடன் போர்க்காலத்துத் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகள் நினைவுக்கு வரும். அந்தச் சுமையை ஒரு மின்விளக்கின் மேல் ஏற்ற எனக்கு மனமில்லை.

நம் மொழி ஏற்கெனவே வைத்திருக்கும் தொடர் ‘அடையாளம் தெரியாத’ என்பதுதான். ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி முதியவர் பலி’ என்று எழுதும்போதுகூட, வாகனத்தை மர்மமாக்காமல் இன்னும் அடையாளம் காணவில்லை என்ற உண்மையை மட்டும் அது சொல்கிறது. அடையாளம் காண்பது என்ற அடுத்த வேலையையும் அந்தச் சொல்லே சுட்டிவிடுகிறது.

சாதனமா, கருவியா என்ற கேள்வியில் எனக்குச் சண்டையில்லை. மின்சாதனம் என்று ஊரெல்லாம் வழங்கும் சொல்லை யாரும் விரட்ட வேண்டாம். ஆனாலும் என் கை கருவி என்றுதான் எழுதும். ‘அறிவு அற்றங் காக்கும் கருவி’ என்ற குறளில் உள்ள சொல் அது. தொல்காப்பிய உரியியலில் ‘கருவி தொகுதி’ என்று இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. விளக்கும் கேமராவும் மோட்டாரும் ஒரே வலையில் கூடியிருக்கும் வீட்டுக்கு அந்தப் பழம்பொருளும் பொருந்தி வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. நெட்வொர்க்கை வலையமைப்பு என்று எழுதுங்கள். ‘பிணையம்’ வேண்டாம், நீதிமன்றத்துப் பிணையோடு குழம்பும். ‘திசைவி’ சுருக்கமான, அழகான ஆக்கம். ஸ்மார்ட் என்பதை ஸ்மார்ட் என்றே எழுதினாலும் குடி முழுகிவிடாது.

அடையாளம் காணும் வழியைச் சொல்லாமல் சொல்லை மட்டும் திருத்துவதில் பயனில்லை. சந்தேகத்துக்குரிய வரியைப் பார்த்தபடியே வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்தபோது அந்த வரி இணைப்பை இழக்கிறதோ அதுதான் அது. சில திசைவிகளில் பட்டியல் மாறச் சில நிமிடங்கள் ஆகும், பொறுத்திருங்கள். கண்டதும் செயலியில் ‘மோட்டார்’, ‘மாடி விளக்கு’ என்று தமிழிலேயே பெயர் சூட்டிவிடுங்கள். கைபேசிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், கைபேசிகள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, தாமாக உருவாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட முகவரிதான். நிறுவனப் பெயர் வராததற்கும் அதுவே காரணம். விருந்தாளியின் கைபேசியாகவோ, உங்கள் மகளின் கைபேசியாகவோ இருக்கலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் உரிமையாளர் இல்லாத வரி ஒன்று எஞ்சினால், அப்போது வருகிறது ‘அகற்று’. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று செய்தி வந்தால் அந்த இடத்தில் கடை இல்லை என்று பொருள். திசைவியிலும் செயலியிலும் இந்தப் பொத்தானை அழுத்தினால் பல நேரம் ஒரு வரி மட்டுமே மறைகிறது. வாக்காளர் பட்டியலில் பெயரை நீக்கினாலும் ஆள் அதே தெருவில்தானே குடியிருக்கிறார்? கடவுச்சொல் கையில் உள்ள கருவி, மறுபடி சேர்ந்து பட்டியலில் தோன்றிவிடும். இங்கே செயல்கள் மூன்று, சொற்களும் மூன்று வேண்டும். வரியை அழிப்பது ‘பட்டியலிலிருந்து நீக்கு’. இப்போதைய தொடர்பை மட்டும் அறுப்பது ‘இணைப்பைத் துண்டி’. மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு இனிச் சேரவிடாமல் செய்வது ‘நுழைவைத் தடு’. இம்மூன்றுக்கும் ‘அகற்று’ என்ற ஒரே சொல்லை ஒட்டியவர், தான் மொழிபெயர்க்கும் செயலியை ஒருமுறையாவது திறந்து அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். மொழிபெயர்க்கத் தரப்படும் சொற்பட்டியலில் செயலித் திரையின் படம் இருப்பதில்லை என்பது உண்மைதான். அதைக் கேட்டு வாங்குவதும் மொழிபெயர்ப்பாளரின் வேலையே.

நுழைவைத் தடுப்பதும் போதாது, ஏனென்றால் முகவரியை மாற்றிக்கொண்டு அதே கருவி திரும்ப வர முடியும். கடவுச்சொல்லை மாற்றினால்தான் உண்மையில் வெளியேற்றம். கூடவே, கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்து, வைஃபைக்கான டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) பாதுகாப்பு முறையை வைத்து, விருந்தினர்களுக்குத் தனி வலையைத் திறந்துவிட வேண்டும். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன கேமரா வாடகை வீட்டில் இருந்தால், அதைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதோடு, அதைத் தன் கணக்கிலிருந்தும் விடுவிக்கும்படி அவரிடமே சொல்ல வேண்டும். கடவுச்சொல் மாறியதும் உங்கள் சொந்த விளக்குகளும் சுவிட்சுகளும்கூட வெளியே நிற்கும். ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். முதலில் மோட்டாரைச் சேர்த்துவிடுங்கள்.