சயனோபைசின்: பெயரும் பொருளும்

சயனோபைசின் என்பது நீலப்பச்சைப் பாசி தன் செல்லுக்குள் நைட்ரஜனைச் சேமித்து வைக்கும் பொருள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம். பெயரைக் கேட்டதும் பலருக்குச் சயனைடுதான் நினைவுக்கு வரும். பயப்பட வேண்டாம், இதில் சயனைடு துளியும் இல்லை. இரண்டு பெயருக்கும் வேர் ஒன்று, அவ்வளவுதான். கிரேக்கத்தில் 'கியானோஸ்' என்றால் அடர்நீலம். பிரஷ்யன் நீலம் என்ற சாயத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்த அமிலம் வழியாக அந்தச் சொல் சயனைடுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே அது வெறும் நிறத்தைத்தான் குறிக்கிறது. பின்பாதியில் இருப்பது 'ஃபைக்கோஸ்', அதாவது கடற்பாசி. ஆக, நேர்ப்பொருள் 'நீலப்பாசிப் பொருள்'.

1887இல் இத்தாலியத் தாவரவியலாளர் அன்டோனினோ போர்ட்சி, நீலப்பச்சைப் பாசியின் (பெயர்தான் பாசி, உண்மையில் இது ஒரு வகைப் பாக்டீரியா) செல்லுக்குள் மணிமணியாகத் துகள்கள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அவை எதனால் ஆனவை என்று தெளிவாக 84 ஆண்டுகள் ஆயின. 1971இல் ராபர்ட் சைமன் விடை சொன்னார்: அவை இரண்டே அமினோ அமிலங்களால் ஆன பலபடி (பாலிமர்). ஆஸ்பார்ட்டிக் அமிலம் கோத்த சரம் ஒன்று. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் தொங்கலாக ஓர் ஆர்ஜினின்.

அப்படியானால் இது புரதம்தானே என்று கேட்கலாம். இல்லை, இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள முக்கியமான இடமே இதுதான். புரதத்தைக் கோப்பது ரைபோசோம். சயனோபைசினை ஒரே ஒரு நொதி, ரைபோசோமின் உதவியில்லாமல், கண்ணி கண்ணியாகக் கட்டுகிறது. குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துப் புரத உற்பத்தியை நிறுத்தினாலும் பாசியில் இது சேர்ந்துகொண்டேதான் போகும்! தொங்கல்கள் வழக்கமான புரதப் பிணைப்பில் சேராததால், புரதத்தைச் செரிக்கும் சாதாரண நொதிகளாலும் இதை வெட்ட முடிவதில்லை. அதற்கென்றே சயனோபைசினேஸ் என்று தனி நொதி உண்டு. இயற்கையில் இதைத் தின்று சிதைக்கும் பாக்டீரியாக்களிடம் அந்த நொதி இருக்கிறது.

சயனோபைசினை அதிகமாக எடுக்க, மரபணு மாற்றிய வேறு பாக்டீரியாவில் இதை விளைவிக்கிறார்கள். சரி, பாசியிலேயே கிடைக்கும்போது மற்ற பாக்டீரியா எதற்கு? பாசி மெதுவாக வளரும், இதைக் கொஞ்சமாகத்தான் சேர்க்கும். கட்டும் நொதியின் மரபணுவை 1998இல் அடையாளம் கண்ட பிறகு, அதை ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். 500 லிட்டர் கலனில் வளர்த்தபோது செல்லின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதுவாகவே இருந்தது. பிரித்தெடுப்பதும் எளிது: நீர்த்த அமிலத்தில் கரைகிறது, நடுநிலைக்குக் கொண்டுவந்தால் வெள்ளையாகத் திரண்டு அடியில் படிகிறது. ஆர்ஜினினைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் சரம்தான் பாலிஆஸ்பார்ட்டேட். நீர்க்குழாய்களில் உப்புப் படியாமல் தடுக்க இப்போது பயன்படும் பாலிஅக்ரிலேட் மக்குவது மிகக் கடினம். அதன் இடத்தில் வைக்கத்தக்க, மக்கிப் போகிற பொருள் இது.

இனித் தமிழ்ப் பெயர். 'பாலிமர்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பலபடி, ஈழத்தில் பல்பகுதியம். எதை எழுதினாலும் குழப்பமில்லை.

சயனோபைசினை அப்படியே பெயர்த்தால் 'நீலப்பாசியம்' என்று வரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, பாசி என்ற சொல்லே பசுமையின் வேரில் பிறந்தது. அதனால் 'நீலப்பாசி' என்றாலே நீலமும் பச்சையும் வந்துவிடுகின்றன. இருந்தாலும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அது பொருளைச் சொல்லவில்லை, முதலில் பார்த்த இடத்தைச் சொல்கிறது. ஈ. கோலையில் விளைந்ததை நீலப்பாசியம் என்றால், படிப்பவர் இல்லாத பாசியைத் தேடுவார்.

இது செல்லுக்குள் செய்யும் வேலை நைட்ரஜனைச் சேமித்து வைப்பது. ஒவ்வொரு ஆர்ஜினினிலும் 4 நைட்ரஜன் அணுக்கள். ஆஸ்பார்ட்டிக்கோடு சேர்த்தால் கண்ணிக்கு 5. நைட்ரஜனுக்கு உழவர் வாயில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: தழைச்சத்து. அதனால் 'தழையிருப்பு' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. வேதியியல் கட்டுரையில் முதல் முறை சயனோபைசின் என்று எழுதி, அப்புறம் இதைப் பயன்படுத்தலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: 'மரபணு மாற்றிய பாக்டீரியாவிலிருந்து தழையிருப்பைப் பிரித்து, ஆர்ஜினினை நீக்கி, பாலிஆஸ்பார்ட்டேட் எடுத்தார்கள்.'