கண்ணிலிருந்து இரண்டு சொட்டு

ஒரு மதியம் ஐஸ் டப்பாவில் ஒரு சின்னக் குழாய் எங்கள் லேபுக்கு வந்தது. உள்ளே 0.1 மில்லி நீர். சொட்டு மருந்து பாட்டிலைக் கவிழ்த்தால் விழுமே, அதில் இரண்டு சொட்டு. நாற்பதைத் தாண்டிய ஒருவரின் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீரை மெல்லிய ஊசியால் எடுத்தது. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் எடுப்பார்கள். ஆனாலும் "கண்ணுல ஊசியா?" என்று பதறாதவர்களை நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கண் சிவந்து பார்வை மங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. முதலில் போன இடத்தில் கண்ணுக்குள் அழற்சி என்று ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் தெளிவு, அப்புறம் மளமளவென்று இறக்கம். இங்கே வந்தபோது விழித்திரை ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டுகள்.

திட்டை வைத்து டாக்டர் ஊகிக்கலாம், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கண்ணில் ஒரு கிருமியின் திட்டு மற்றொன்றினுடையது மாதிரி தெரியும். ஹெர்பிஸ் வைரஸ் என்றால் அசைக்ளோவிர் என்ற மருந்து. சைட்டோமெகலோ வைரஸ் என்றால் அது சரியாக எடுபடாது, கான்சைக்ளோவிர் வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி என்றால் மருந்தே வேறு. கிருமிக்கு மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போனால் மூன்றுமே கொழுத்துப் பரவும்.

லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் தட்டில் வைரஸ் வளராது. அங்கேதான் பிசிஆர். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தோமே, அதே வித்தைதான். கிருமியின் மரபணுவில் ஒரு துண்டைப் பிடித்துச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவது. ஒரே ஒரு துண்டு இருந்தாலும் 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டிவிடும். காலையில் மாதிரி வந்தால் அன்றைக்கே பதில் சொல்லலாம்.

ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் இது பதில் சொல்லும். ஹெர்பிஸ் இருக்கிறதா என்று கேட்டால், பக்கத்திலேயே காசநோய்க் கிருமி உட்கார்ந்திருந்தாலும் வாய் திறக்காது. இருப்பதோ இரண்டு சொட்டு, பத்துக் கேள்வி கேட்க முடியாது. படிவத்தில் வெறுமனே 'பிசிஆர்' என்று எழுதி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், டாக்டர்!

'நெகட்டிவ்' என்றால் இல்லவே இல்லை என்றும் அர்த்தமில்லை. கண் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவு, எடுத்த துளியில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். மாறாக, செத்த கிருமியின் மரபணுவும் 'பாசிட்டிவ்' காட்டும்.

எல்லாக் கண்ணுக்கும் இது தேவையும் இல்லை. நெல் தாள் கீறி வந்த கருவிழிப் புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், செலவும் கொஞ்சம்தான். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் பிடித்தால் மாதிரி எடுத்த கையோடு ஆன்டிபயாடிக்கை உள்ளே செலுத்திவிடுவார்கள், ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. இவருக்கும் அசைக்ளோவிர் அன்றே ஏறத் தொடங்கியிருந்தது.

இரவு ஏழு மணிக்கு பிசிஆர் கருவியின் திரையில் வரைகோடு மேலே எழும்பியது, அதாவது பாசிட்டிவ். சின்னம்மை வைரஸ், அதுவும் அசைக்ளோவிருக்கு அடங்கும் ஹெர்பிஸ் வகைதான். சிறு வயதில் அம்மை போட்டதாக அவர் அம்மா சொன்னார். அம்மை இறங்கினாலும் அந்த வைரஸ் நரம்பில் ஒளிந்திருக்கும். சிலருக்கு அக்கியாக வரும், அரிதாகச் சிலருக்கு இப்படிக் கண்ணில். கண் மட்டுமா பிரச்சினை என்று பார்க்க எச்ஐவி, சர்க்கரைப் பரிசோதனைகளும் செய்தார்கள். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது, அதுவரை அவருக்கே தெரியாது.

அந்தக் கண்ணில் விரல் எண்ணும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது. மறு கண்ணுக்கும் தாவக்கூடிய நோய் இது. அவருக்குத் தாவவில்லை.