மரபணு மாற்றிய பாக்டீரியா: சொல் விளக்கம்

“பொறியியல் செய்யப்பட்ட குடல் பாக்டீரியாக்கள் சிகிச்சை நொதிகளை விநியோகிக்கின்றன.” தமிழில் வரும் மருத்துவச் செய்திகளில் இந்த மாதிரி வாக்கியம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. எல்லாமே நமக்குப் பழகிய சொற்கள்தான். ஆனால் அந்த பாக்டீரியாவை என்ன செய்தார்கள், அது குடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டால், படித்தவருக்கு இரண்டுமே தெரியாது.

முதலில் ‘பொறியியல் செய்யப்பட்ட’ என்பதைப் பார்ப்போம். எஞ்சினியர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் உள்ள ‘இன்ஜீனியம்’. பிறவியிலேயே அமைந்த கூர்மதி என்று பொருள். பிறகு அந்தக் கூர்மதியால் செய்த போர்க்கருவிக்கும், அதைச் செய்கிறவருக்கும் அதுவே பெயரானது. நம் ‘பொறி’யும் போர்க்கருவிதான். மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை வரிசையாகச் சொல்கிறது: வளைந்து தானே எய்யும் வில், கடிக்கும் குரங்குப் பொறி, கல் உமிழும் கவண். ஆக, எஞ்சினியரிங் துறைக்குப் ‘பொறியியல்’ என்று பெயர் வைத்தவர்கள் நன்றாகவே வைத்தார்கள்.

கோளாறு அதை வினையாக்கியதில் இருக்கிறது. ‘இயல்’ என்று முடிந்தால் அது ஒரு துறையின் பெயர். உயிரியல், வேதியியல், பொருளியல் எல்லாம் அப்படித்தான். துறையைப் படிக்கலாம், அதில் வேலை பார்க்கலாம். அதை ஒரு பொருள்மீது ‘செய்ய’ முடியாது. ‘வேதியியல் செய்யப்பட்ட மாத்திரை’ என்று யாரும் எழுதுவதில்லை. பொறியாளர்கள்கூடப் பாலத்தைப் பொறியியல் செய்வதில்லை, கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கும். அந்த வசதி தமிழில் இல்லை என்பது ஒரு குறையல்ல. என்ன செய்தோம் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நம் மொழி கேட்கிறது, அவ்வளவுதான்.

சரி, என்னதான் செய்தார்கள்? இந்தத் துறையில் நெடுந்தூரம் போன ஒரு முயற்சியை எடுத்துக்கொள்வோம். பினைல்கீட்டோனூரியா என்று ஒரு பிறவிக் குறைபாடு. நாம் சாப்பிடும் புரதத்தில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை மாற்றவேண்டிய கல்லீரல் நொதி (என்சைம்) இவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. பினைல்அலனின் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய் மூளையைப் பாதிக்கும். அதனால் பால், முட்டை, பருப்பு, இறைச்சி எல்லாவற்றையும் அளந்து அளந்து சாப்பிட வேண்டிய வாழ்க்கை.

இவர்களுக்காக அமெரிக்காவின் சின்லாஜிக் நிறுவனம் ஈ.கோலை நிஸ்ஸில் 1917 என்ற பாக்டீரியாவை எடுத்தது. முதல் உலகப்போரில் மற்றவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தபோதும் நலமாக இருந்த ஒரு படைவீரரின் மலத்திலிருந்து, ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரெட் நிஸ்ஸில் பிரித்தெடுத்த வகை அது. அதற்குள் ஃபோட்டோராப்டஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தார்கள். பினைல்அலனினைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது அந்த மரபணு. ஆக்சிஜன் குறைந்த குடலுக்குப் போனதும் அது இயங்கும்படி அமைத்தார்கள். செல்சுவர் கட்டத் தேவையான ஒரு பொருளைத் தானே செய்துகொள்ள முடியாதபடி ஒரு மரபணுவை நீக்கினார்கள். அதனால் அந்த பாக்டீரியா குடலில் பெருகாது. ஆய்வு 2018-இல் வெளியானது.

இப்போது மாற்றுச் சொற்களை இந்த விவரத்தோடு வைத்துப் பார்க்கலாம். ‘வடிவமைக்கப்பட்ட பாக்டீரியா’ என்று சிலர் எழுதுகிறார்கள். யாரும் இதை வடிவமைக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாக வளர்த்துவரும் ஓர் உயிர்வகையில் சில மரபணுக்களைச் சேர்த்தார்கள், நீக்கினார்கள். மற்றதெல்லாம் பழையபடியே இருக்கிறது. ‘மரபணு திருத்திய’ என்பது இதைவிட நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் கிரிஸ்பர் முறையில் ஓர் உயிரின் சொந்த மரபணுவிலேயே எழுத்தை மாற்றுகிறார்களே, அந்த வேலைக்கு ‘மரபணுத் திருத்தம்’ என்று தமிழில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதை இங்கேயும் போட்டால் இரண்டு வேலைக்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

மிச்சம் இருப்பது நாம் நெடுநாளாக வைத்திருக்கும் ‘மரபணு மாற்றிய’. பி.டி. கத்தரிக்காய் விவாதம் சூடாக நடந்து, 2010 பிப்ரவரியில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தாரே, அந்தச் சமயத்திலேயே ‘மரபணு மாற்றப்பட்ட’ என்பது தமிழ்ச் செய்தித்தாள் வாசகர்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. இவ்வளவு தெளிவான சொல் கையில் இருக்கும்போது ஏன் விட்டுவிடுகிறார்கள்? அது பயமுறுத்தும் சொல் என்கிறார்கள். கத்தரிக்காய் என்றால் ‘மரபணு மாற்றப்பட்ட’, மருந்து என்றால் ‘பொறியியல் செய்யப்பட்ட’ என்று பிரித்து எழுதுகிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. செய்கிற வேலை ஒன்று என்றால் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலின், மனித மரபணுவின்படி மாற்றிய ஈ.கோலையில்தான் உற்பத்தியானது. அந்த வகை இன்சுலினைத்தான் இன்று கோடிக்கணக்கானோர் போட்டுக்கொள்கிறார்கள். வயலில் ஒன்றை எதிர்ப்பதும் மருந்தில் அதையே ஏற்பதும் படிக்கிறவரின் உரிமை. அந்த முடிவை மொழிபெயர்ப்பாளர் ஒரு மங்கலான சொல்லை வைத்து அவருக்குத் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது.

‘மாற்றப்பட்ட’ என்பதைவிட ‘மாற்றிய’ எனக்கு உவப்பு. அப்படி எழுதினால் பாக்டீரியாவே மரபணுவை மாற்றியது போல் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. காய்ச்சிய பால், தோல் உரித்த பூண்டு, கொழுப்பு நீக்கிய பால் என்றுதானே சொல்கிறோம்? பூண்டு தன் தோலைத் தானே உரித்துக்கொண்டது என்று எந்தத் தமிழரும் நினைப்பதில்லை. ‘படு’ போட்டால்தான் செயப்பாட்டுப் பொருள் வரும் என்ற எண்ணமே ஆங்கிலத்தைப் பார்த்து எழுதி எழுதி வந்தது.

அப்புறம் அந்த ‘விநியோகிக்கின்றன’. இது நடையிலும் தவறு, செய்தியிலும் தவறு. இங்கே நொதி பாக்டீரியாவை விட்டு வெளியே வருவதே இல்லை. உணவிலிருந்து வந்த பினைல்அலனின்தான் பாக்டீரியாவுக்குள் போகிறது. உள்ளே இருக்கும் நொதி அதைச் சின்னமிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரிக்கிறது. சின்னமிக் அமிலம் உடலுக்குள் போய், ஹிப்பூரிக் அமிலமாகி, சிறுநீரில் வெளியேறுகிறது. பாக்டீரியா வேலை செய்ததா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததே சிறுநீரில் அதை அளந்துதான். இப்படி இருக்க, ‘விநியோகிக்கின்றன’ என்று எழுதினால், குடல் முழுக்க நொதியைத் தெளித்துக்கொண்டு போவதாகத்தான் படிக்கிறவர் நினைப்பார். ‘குடலிலேயே பினைல்அலனினைச் சிதைக்கும் மரபணு மாற்றிய பாக்டீரியா’ என்று எழுதினால் போதும். மூலத்தில் ‘டெலிவரி’ என்று இருந்தால் தமிழிலும் எதையாவது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று கட்டாயமா என்ன?

நொதி என்ற சொல்லில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. என்சைம் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘புளித்த மாவுக்குள் இருப்பது’ என்று பொருள், நொதித்தலிலிருந்து நொதி. ஈழத்தில் நொதியம் என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள்.

இதைவிட மோசம் ‘குடல் தாவரங்கள்’. இப்போது எந்திர மொழிபெயர்ப்பில் தாராளமாக வருகிறது, அதைத் திருத்தாமலே வெளியிடுகிறார்கள். ஒரு காலத்தில் பாக்டீரியாக்களைத் தாவரங்களோடு சேர்த்து வகைப்படுத்தினார்கள், அதனால் ஆங்கிலத்தில் ‘ஃப்ளோரா’ ஒட்டிக்கொண்டது. அறிவியல் அந்த வகைப்பாட்டைக் கைவிட்ட பிறகு நாம் புதிதாக அதைத் தமிழுக்குள் கொண்டுவருவானேன்? குடல்வாழ் நுண்ணுயிரிகள் என்று சொன்னால் யாருக்கும் புரியும். சிறுபிள்ளைகள் படிக்கும் பக்கங்களில்கூட ‘குடல் தாவரம்’ பார்த்திருக்கிறேன். குடலுக்குள் செடி முளைக்கும் என்று ஒரு குழந்தை நம்பினால் அது யாருடைய பிழை?

இதே சின்லாஜிக் மருந்துக்குச் ‘செயற்கை பாக்டீரியா’ என்றும் எழுதினார்கள். அந்த நிறுவனமே தன் பொருள்களுக்குச் ‘சிந்தெட்டிக் பயாடிக்’ என்று வணிகப்பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. அந்த மருந்தின் அடுத்த வடிவத்தின் மூன்றாம் கட்டச் சோதனை, இலக்கை எட்டாது என்று தெரிந்து, 2024 பிப்ரவரியில் நின்றுபோனது. பெயர்மட்டும் செய்திகளில் நிற்கிறது. நிஸ்ஸில் கண்டெடுத்த இயற்கையான உயிரைச் செயற்கை என்பது பொருந்தாது. 2010-இல் கிரெய்க் வென்டர் குழு ஒரு பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி முழுவதையும் வேதிப்பொருள்களிலிருந்து கட்டி, வேறொரு செல்லுக்குள் வைத்து இயங்க வைத்தது. ‘செயற்கை’யை அந்த மாதிரி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.