இரும்பும் இறுதி நிலை அல்ல என்றால்?

அணுக்கருக்களில் மிக இறுக்கமாகப் பிணைந்தவை இரும்பும் நிக்கலும் என்று படித்திருக்கிறோம். அவற்றையும் விஞ்சும் நிலைத்தன்மை கொண்ட பொருள் இருக்கக்கூடும் என 1971-இல் ஆர்னால்ட் போட்மரும் 1984-இல் எட்வர்ட் விட்டனும் முன்வைத்தனர். புரோட்டான், நியூட்ரான் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகள்களான குவார்க்குகளில் அப், டௌன், ஸ்ட்ரேஞ்ச் ஆகிய மூவகையும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த அப்பொருளின் சிறு துணுக்குக்கு ஸ்ட்ரேஞ்ச்லெட் என்று பெயர். இதுவரை அது ஏட்டளவில்தான் இருக்கிறது.

புரோட்டானிலும் நியூட்ரானிலும் இருப்பவை அப், டௌன் குவார்க்குகள் மட்டுமே. பௌலியின் தவிர்க்கைத் தத்துவத்தின்படி ஒரே வகைக் குவார்க்குகள் ஒரே நிலையில் குவிய இயலாது என்பதால், தாழ்ந்த ஆற்றல் மட்டங்கள் நிரம்பியபின் சேர்பவை மேல்மட்டங்களுக்கே செல்ல வேண்டும். அவற்றுள் சில ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகளாக மாறினால், காலியாக உள்ள தாழ்ந்த மட்டங்களில் அமர்ந்துகொள்ளலாம். ஆனால் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 95 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை ஆற்றலாகக் குறிக்கும் அலகு). மற்ற இரண்டுக்கும் 5-ஐத் தாண்டாது. மட்டம் தாழ்வதால் கிடைக்கும் ஆதாயம் இந்தச் செலவை ஈடுகட்டுமா என்பதே கேள்வி; குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையின் சமன்பாடுகளிலிருந்து அதற்குத் துல்லியமான விடை இன்னும் கிடைக்கவில்லை.

அப்படியானால் நம் வீட்டு இரும்பு ஏன் மாறவில்லை? ஒரேயொரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்ட லாம்டா துகள், ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சிதைந்துவிடுகிறது. ஒன்றிரண்டு மாறினால் நட்டம்தான். இரும்பு அணுக்கருவின் 168 குவார்க்குகளில் பல, வலிமை குறைந்த அணுக்கரு விசையின் வழியே ஏறக்குறைய ஒரே கணத்தில் மாறியாக வேண்டும். பிரபஞ்சத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் அது நிகழாது.

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000-இல் தங்க அணுக்கருக்களை மோதவிடத் தொடங்குவதற்கு முன், ஸ்ட்ரேஞ்ச்லெட் உருவாகி, தொடும் அணுக்கருக்களையெல்லாம் தன்னைப்போல் மாற்றிப் பூமியையே விழுங்கிவிடும் என்ற அச்சம் எழுந்தது. காற்று மண்டலமே இல்லாத நிலவின்மீது விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் காஸ்மிக் கதிர்களின் இரும்பு அணுக்கருக்கள் பல நூறு கோடி ஆண்டுகளாக மோதியும் அது அப்படியே இருப்பதை ஆய்வுக்குழு சுட்டிக்காட்டியது. எனக்கு இதைவிட வலுவான பதில் தோன்றவில்லை. மேலும், நிறை மிகுந்த, எதிர்மின்னூட்டம் கொண்ட ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் எண்ணிக்கையில் சற்றுக் குறையுமாதலால், துணுக்கில் சிறிதளவு நேர்மின்னூட்டம் எஞ்சும். ஆகவே சாதாரண அணுக்கருக்களை அது விலக்கவே செய்யும் என்பது பெரும்பாலான கணக்கீடுகளின் முடிவு.

அந்தக் குறைந்த மின்னூட்டமே தேடுவோருக்கு அடையாளமும் ஆகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இயங்கும், காஸ்மிக் கதிர்த் துகள்களை அளக்கும் ஏ.எம்.எஸ்-02 கருவியின் காந்தப்புலத்தில், அதே வேகத்தில் வரும் சாதாரண அணுக்கருவைவிட ஸ்ட்ரேஞ்ச்லெட் மிகக் குறைவாகவே வளையும்.