புறநகர் ரயிலில் மாணவிகளுக்குச் சீசன் டிக்கெட் இலவசம்: வாங்குவது எப்படி?

பட்டப்படிப்பு முடியும்வரை பெண் பிள்ளைகள் வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் ரயிலில் போய்வர, இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் டிக்கெட்டுக்குக் கட்டணம் கிடையாது. பையன்களுக்கு இந்தச் சலுகை பன்னிரண்டாம் வகுப்பு வரை. மதரசாவில் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். இது இந்திய ரயில்வே நாடு முழுவதற்கும் வகுத்துள்ள விதி. ஆனாலும் காலை நேரத்தில் சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி தடத்தில் உள்ள திருவொற்றியூரிலோ மீஞ்சூரிலோ டிக்கெட் வரிசையைப் பாருங்கள். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சில்லறையை எண்ணியபடி நிற்கும் மாணவிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இந்த விதியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வாங்கும் முறை கடினமில்லை. முதல் வேலை கல்லூரி அலுவலகத்தில். ரயில்வேயின் சலுகைப் படிவத்தில் மாணவியின் பெயர், வகுப்பு, வீட்டுக்கு அருகிலுள்ள நிலையம், கல்லூரிக்கு அருகிலுள்ள நிலையம் ஆகியவற்றை எழுதி, முதல்வர் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிய கடிதத்தை நம்பிப் போக வேண்டாம், படிவத்தையே கேளுங்கள். படிவம் கைவசம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னால், ரயில்வேயிடம் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாணவி தனியாகக் கேட்பதைவிட, அதே ரயிலில் வரும் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் வேலை விரைவில் நடக்கும். படிவத்தோடு புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு நிலையத்தின் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனால், சீசன் டிக்கெட்டுக்கான அடையாள அட்டையும் டிக்கெட்டும் கிடைக்கும்.

நிலையங்களின் பெயரை எழுதும்போது கவனம் தேவை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கமிருந்து வரும் தடம் கொருக்குப்பேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பேசின் பாலம் வழியாக சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்துக்குப் போகிறது. மற்றொன்று வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குப் போகிறது. டிக்கெட்டில் எந்த வழி இருக்கிறதோ அந்த வழியில்தான் சீசன் செல்லும். பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரிக்குப் போகிறவருக்குக் கடற்கரைத் தடம் வசதி. மெரினாவில் உள்ள ராணி மேரி கல்லூரிக்கு என்றால் கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பறக்கும் ரயிலில் (தூண்கள் மேல் போட்ட தடத்தில் ஓடும் ரயில்) மாற வேண்டும். அப்போது கடற்கரையோடு நிறுத்தாமல் கலங்கரை விளக்கம் வரை எழுதி வாங்க வேண்டும். இடையிலுள்ள எந்த நிலையத்திலும் இறங்கி ஏறலாம் என்பதால், கடைசியாகப் போகும் நிலையத்தை எழுதுவதே நல்லது.

பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பையன்களுக்கு முழு இலவசம் இல்லை. அவர்களுக்குச் சீசன் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதற்கும் கல்வி நிறுவனம் தரும் அதே மாதிரியான சான்றுதான் தேவை. அரசு ஐ.டி.ஐ.க்கோ கலைக் கல்லூரிக்கோ தினமும் வரும் பையன்கள் இதையாவது கேட்டு வாங்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சலுகை இல்லாவிட்டாலும் சீசன் பெரிய லாபம். புறநகர் மாதச் சீசனின் கட்டணம் ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டது. தூரத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம். மாதத்தில் 25 நாள் போய்வந்தால் 50 பயணம். காலாண்டுச் சீசன் எடுத்தால் மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்குதான். காசை விடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது நேரம். தாம்பரம் தடத்தைப்போல இந்தக் கும்மிடிப்பூண்டி தடத்தில் அடுத்தடுத்து வண்டி வருவதில்லை. வடக்கே போகும் எக்ஸ்பிரஸ் ரயில்களும் சரக்கு ரயில்களும் இந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. டிக்கெட் வரிசையில் நின்று ஒரு வண்டியை விட்டுவிட்டால், கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளத்திலேயே கை வைக்க நேரும்.

சலுகை இல்லாத சீசனை, 2025 ஜூலையில் ரயில்வே வெளியிட்ட ரயில்ஒன் செயலியிலும் எடுக்கலாம். செயலியில் எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லும்; அன்றைய பயணத்துக்குத் தனி டிக்கெட் வேண்டும். மாணவர் சலுகைக்குப் படிவத்தைக் காட்ட வேண்டும் என்பதால் கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும்.

பரிசோதகர் கேட்கும்போது சீசன் டிக்கெட், அடையாள அட்டை இரண்டையும் காட்ட வேண்டும். அட்டையின் எண் டிக்கெட்டில் இருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவரின் சீசனில் அக்காவோ தங்கையோ போகக் கூடாது. காலாவதியான சீசனோடு ஏறுவது டிக்கெட் இல்லாமல் ஏறுவதற்குச் சமம். பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் கட்ட நேரும். முடிவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். தொலைத்துவிட்டால் மாற்று டிக்கெட் தரமாட்டார்கள்.

மெட்ரோ ரயிலில் இந்தச் சீசன் செல்லாது. விம்கோ நகரிலும் திருவொற்றியூரிலும் இரண்டு வகை நிலையங்களும் இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் குழம்ப வாய்ப்புண்டு. மாநகரப் பஸ்ஸிலும் செல்லாது. ஆனால் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்தே பயணம் இலவசம். வீட்டிலிருந்து நிலையம் வரை அந்தப் பஸ், அங்கிருந்து கல்லூரி வரை இலவசச் சீசன் என்று அமைத்துக்கொண்டால், மீஞ்சூரிலிருந்து வரும் ஒரு மாணவி படிப்பு முடியும்வரை போக்குவரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் போய்வரலாம்.